குப்பையா, ஆராய்ச்சியா?

நைனார்பாளையம் கோழிப்பண்ணையை விட்டு வெளியே வந்து நடந்துகொண்டிருந்தேன். விட்டதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. கோழிகள் எந்நேரமும் விளக்கு வெளிச்சத்தில் தின்றுகொண்டே இருந்தன. நாற்பது நாள் அதையே பார்த்தேன். நாற்பத்தோராம் நாள் காலை தீவனச் சட்டியைக் கவிழ்த்து வைத்தேன், சட்டையை உதறிப் போட்டுக்கொண்டேன், கிளம்பிவிட்டேன். சின்னசேலம் வரை ஒரு சோள லாரி ஏற்றிக்கொண்டது. பிறகு ஒரு ஷேர் ஆட்டோ, பிறகு நடை. மதியம் போல வடக்கனந்தலை நெருங்கியபோது செருப்பின் வார் அறுந்து, ஒரு காலுக்குச் செருப்பும் ஒரு காலுக்குச் சாக்குத் துண்டுமாக நடந்தேன். அப்படி நடப்பதில் ஒரு வசதி உண்டு. யாரும் நம்மிடம் வழி கேட்க மாட்டார்கள்.

சாலையோரம் மரவள்ளிக் காடு. பெண்கள் ஏழெட்டுப் பேர் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு மதகின் மேல் உட்கார்ந்து, கையில் இருந்த பன்னைத் தின்று முடித்து, அதன் கவரை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

"ஏம்ப்பா, அந்தக் கவர எதுக்கு பாக்கெட்ல வெக்கற?"

தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஓர் அக்கா நின்றிருந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது. வலது முட்டியில் பழுப்பு நிறப் பட்டி சுற்றியிருந்தது.

"படிக்கறதுக்கு" என்றேன்.

அது உண்மை. எட்டாம் வகுப்பில் பாதி வரை போனேன். அந்த வருடம் வீட்டோடு செங்கல் சூளைக்குப் போனதால் மீதிப் பாதி நின்றுபோனது. அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம் கவர், பொட்டலக் காகிதம், மூட்டையில் அச்சடித்திருப்பது, இவைதான்.

அக்கா கையை நீட்டினார். கவரைக் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மடிப்பை விரலால் தடவினார்.

"மடிப்பு நேராத்தான் கீது. ஆனா நீ கணக்கு இல்ல. கணக்குல மடிக்க மாட்டாங்க, கசக்கித்தான் போடுவாங்க. எகனாமிக்ஸும் இல்ல. அவங்க கவர வேற ஆளு தொட்டில போடுவாங்க." கவரைத் திருப்பிக் கொடுத்தார். "நீ எந்த டிப்பாட்மெண்ட்டுன்னு எனக்குத் தெரியலியே. எங்க போயிக்கினு கீற?"

"தெரியலக்கா."

"கிழங்கு புடுங்குவியா?"

பிடுங்கினேன். இப்படித்தான் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தேன்.

அக்கா வெகுகாலம் ஒரு பெரிய அரசுப் பல்கலைக்கழகத்தில் ஒப்பந்தக் கூலிக்குப் பெருக்கும் வேலை பார்த்தவர். முட்டி தேய்ந்துபோய் ஊருக்குத் திரும்பி இரண்டு வருடம் ஆகியிருந்தது. திரும்பியது அவருடைய கால் மட்டும்தான் என்று எனக்குத் தோன்றும். உட்கார்ந்தால் எழுந்திருக்க நேரமாகும். அப்போது கையைத் தரையில் ஊன்றிக்கொண்டு, "இருங்க, லிப்டு ரிப்பேரு" என்பார். சோற்று வேளையில் யாராவது சத்தமாகப் பேசினால் "லைப்ரரி" என்று ஒரே வார்த்தை. அதற்கு அமைதியாக இருக்கவேண்டும் என்று அர்த்தம். காலையில் அவர் காட்டுக்குள் வரும்போது பெண்கள், "எழுந்திருங்கடி, துணைவேந்தரு வராங்க" என்று ஓரமாக நிற்பார்கள். அக்கா அதைக் கேலியாகவே எடுத்துக்கொண்டதில்லை. தலையை ஒருமுறை அசைத்துவிட்டு வேலைக்குக் குனிவார்.

அவருடைய ஒரே பழக்கம், ஒரே வியாதி, எல்லோரையும் அந்தப் பல்கலைக்கழகத்தில் சேரச் சொல்வது. வயது, படிப்பு எதையும் பார்க்க மாட்டார். கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் கொய்யா விற்கிறவர், ரேஷன் கடையில் வரிசையில் நிற்கிறவர், நல்லது கெட்டதுக்கு வந்த உறவுக்காரர், எல்லோருமே அவர் கண்ணுக்கு இன்னும் விண்ணப்பம் போடாத மாணவர்கள்தான். எங்கே ஆரம்பித்தாலும் வாசலில் இருந்துதான் ஆரம்பிப்பார்.

"மொதல்ல கேட்டு. கேட்ட பாத்து பயந்துக்காத. கேட்டுதான் பெருசு, தாப்பா சின்னதுதான். உள்ள போனா அதுக்குள்ளயே ஒரு பஸ்ஸு ஓடும், டிக்கெட் கெடையாது. எறங்குனா மரம். மரத்துக்குப் பின்னாடி டிப்பாட்மெண்ட்டு."

துறைகளை அவர் குப்பையை வைத்துத்தான் அறிவார். கணிதத் துறையில் குப்பை கம்மி. கசக்கிய தாளும் பென்சில் சீவலும்தான். இயற்பியலில் பாதி குடித்த டீ கப்புகள், அதில் ஆடை படிந்திருக்கும். டீ வாங்கியது மறந்துபோகிற அளவுக்கு என்னதான் யோசிப்பார்களோ என்பார். வேதியியலில் குப்பையைத் தொடவே கூடாது, அதற்குத் தனி ஆள். தமிழ்த் துறையில் பொன்னாடை வந்த பிளாஸ்டிக் கவர் நாளுக்கு ஒரு கூடை. வரலாற்றுத் துறையில் எதைக் கூட்டினாலும் பின்னாலேயே ஒருவர் ஓடிவந்து வாங்கிக்கொள்வார். கம்ப்யூட்டர் துறையில் சிப்ஸ் கவரைத் தவிர வேறொன்றும் கிடையாது.

இந்த அறிவை வைத்து அவர் ஆட்களுக்குத் துறை ஒதுக்குவார். ஒருமுறை நாங்கள் பேருந்தில் வரும்போது நடத்துநர் சில்லறை கொடுத்துவிட்டு, கையிலிருந்த தாளில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் கோடு கோடாகப் போட்டுக்கொண்டே வந்தார். கடைசியில் தாளைக் கிழித்து, ஒரே அளவுத் துண்டுகளாக்கி ஜன்னல் வழியே விட்டார்.

"சார், நீங்க ஸ்டாட்டிஸ்டிக்ஸ்" என்றார் அக்கா.

"இன்னாம்மா?"

"புள்ளியியல். ஞாயித்துக்கெழமை மட்டும் வந்து படிக்கிறது கூட கீது. மூணாவது மாடி, படியேறுனதும் எடது கைப்பக்கம். தண்ணிக் கொழாய் ஒழுவும், அத்த பாத்துக்கினு போங்க."

"நான் ரிட்டயர்டு ஆவ ஆறு மாசம்தாம்மா கீது."

"அப்ப சரியான டைமு."

நடத்துநர் சிரிக்கவில்லை. இறங்கும்போது அவர் அக்காவிடம் மெல்லிய குரலில், "பன்னெண்டாவது பெயிலானவங்கள எடுத்துப்பாங்களா?" என்று கேட்டதை நான் கேட்டேன்.

எனக்கு மட்டும் அவரால் துறை ஒதுக்க முடியவில்லை. நான் குப்பை போடாததுதான் சிக்கல். வேர்க்கடலை தின்றால் தோலையும் பையில் வைத்துக்கொள்வேன். ராத்திரி எங்கே படுப்பேன் என்று தெரியாதவனுக்கு எதையும் உதறிவிட்டுப் போகத் தோன்றாது. அக்கா என்னைச் சந்தேகத்தோடு பார்ப்பார். "ஒரே ஒரு தபா எதையாச்சும் போடேன். பாத்து சொல்றன்" என்பார்.

எதைப் பார்த்தாலும் அவர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. கீழே ஒரு பொருள் கிடந்தால், அது உடைந்த வாளியானாலும் ஒற்றை வளையலானாலும், காலால் தள்ள மாட்டார். சுற்றி நிற்பவர்களைப் பார்த்து, "இது குப்பையா, ஆராய்ச்சியா?" என்பார். பதில் வந்தபிறகுதான் தொடுவார்.

அது எப்படி வந்தது என்பதை ஒரு மழை நாளில், கிழங்கு மூட்டைகளுக்கு நடுவே ஒதுங்கி நின்றபோது சொன்னார். தாவரவியல் துறை வராந்தாவில் ஒருநாள் நீளத்துக்கு இலைகள் கிடந்தன. நியூஸ் பேப்பர் மேல் வரிசையாக, காய்ந்து சருகாகி. மரத்தடி கட்டடம், இலை விழுவது வழக்கம்தான். "இன்னிக்கு இன்னாடா பேப்பரோட சேத்து வுழுந்து கீதுன்னு ஒரு நிமிசம் நெனச்சேன். அப்பறம் கூட்டிட்டேன்" என்றார். சாப்பிடப் போயிருந்த ஓர் ஆராய்ச்சி மாணவி திரும்பி வந்து வெறும் வராந்தாவைப் பார்த்தாள். படியில் உட்கார்ந்து, "மூணு வருஷம்க்கா" என்று அழுதாள்.

"நீங்க என்ன பண்ணீங்க?"

"குப்பக் குழில எறங்கனேன். எனக்கு அப்ப முட்டி நல்லா இருந்துச்சு. சாயங்காலம் வரிக்கும் ஒரொரு எலையா எடுத்துக் குடுத்தேன். ஒண்ண எடுத்தா, அந்தப் பொண்ணு ஒரு பேரு சொல்லும், வாயில நொழையாத பேரு. அப்பறம் சிரிக்கும். அடுத்தத எடுத்தா அழுவும். ரெண்டே ரெண்டு எலதான் கெடைக்கல. இப்ப அந்தப் பொண்ணு அங்கயே டீச்சரா கீது." மழையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அன்னிலேர்ந்து கேட்டுட்டுத்தான் கூட்டுவேன். பாக்கறதுக்கு ரெண்டும் ஒரே மாதிரிதாம்பா கீது."

வீட்டிலும் இதுதான். அவர் வீட்டுக்காரர் வீதியில் கிடைத்த உடைந்த ரேடியோ, மிக்ஸி மோட்டார், டார்ச் லைட்டு எல்லாவற்றையும் கட்டிலுக்குக் கீழே சேர்த்து வைத்திருந்தார். அக்கா ஊர் திரும்பிய அன்றே கேட்டிருக்கிறார். அந்த மனுஷன், பயத்தில், "ஆராய்ச்சி" என்று சொல்லிவிட்டார். "சரி. ஆராய்ச்சின்னா மூணு வருசம். ஜாஸ்தி போனா அஞ்சு. அதுக்குள்ள முடிக்கணும்" என்று காலண்டரில் எழுதி மாட்டிவிட்டார் அக்கா. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்காரர் ஒரு ரேடியோவையாவது கரகரவென்று சத்தம் போட வைத்துக் காட்டவேண்டும். நான் ஒருமுறை அங்கே சோறு தின்னப் போயிருந்தபோது அந்தத் தேர்வு நடந்தது. ரேடியோ பேசவில்லை. "ஒயரு வாங்கணும்" என்றார் அவர்.

"இதத்தான் போன தபாவும் சொன்ன."

"நீட்டிப்பு குடேன்."

அக்கா யோசித்து, மூன்று மாதம் நீட்டிப்பு கொடுத்தார். வீட்டுக்காரர் எனக்குப் பின்னால் வந்து நின்று, "தம்பி, நீ கல்யாணம் கட்டிக்காத. கட்டுனாலும் படிச்ச எடத்துல வேல செஞ்ச பொண்ண கட்டிக்காத" என்றார்.

அதே வீட்டுச் சுவரில் ஒரு போட்டோ. அக்கா கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு, கையில் துடைப்பத்தோடு நிற்கிறார். பட்டமளிப்பு விழா முடிந்த மண்டபத்தைக் கூட்டும்போது யாரோ விட்டுப்போன அங்கி கிடந்திருக்கிறது. புதுப்புடவையில் தூசி படியக்கூடாது என்று அதை மேலே மாட்டிக்கொண்டு கூட்டியிருக்கிறார். சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்த போட்டோக்காரர் எடுத்துக் கொடுத்தாராம். வீட்டுக்கு வருகிறவர்கள், "இன்னா படிச்ச?" என்று கேட்டால் அக்கா ஒருநாளும் பொய் சொன்னதில்லை. "தூசிக்குப் போட்டது" என்பார். அவர்கள் நம்பாமல் போவார்கள்.

நான் அந்தக் கூட்டத்தில் நாலு மாதம் இருந்தேன். ஓர் இடத்தில் நான் அவ்வளவு நாள் இருந்ததில்லை. அந்த நாலாம் மாதக் கடைசியில்தான் மலைக்குப் போனோம்.

கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர். அங்கே ஒருவர் கொஞ்ச நிலத்தில் மரவள்ளி போட்டிருந்தார். பிடுங்க ஆள் வேண்டும் என்று எங்களைக் கூப்பிட்டார். வெயில் ஏறுவதற்குள் வேலை முடிந்து, அவர் வீட்டுக் களத்தில் உட்கார்ந்து சோற்றைப் பிரித்தோம். அக்கா வழக்கம்போல என்னைப் பார்த்து, "இன்னிக்காவது எதையாச்சும் கீழ போட்டியா?" என்று ஆரம்பித்தார். பெண்கள் சிரித்தார்கள். தண்ணீர் கொண்டுவந்த அந்த வீட்டுப் பெண் மட்டும் சிரிக்காமல் நின்றுவிட்டாள்.

"அக்கா, நீங்க சொல்றது எந்த யூனிவர்சிட்டி?"

அக்கா பெயரைச் சொன்னார். அந்தப் பெண் உள்ளே ஓடிப்போய் போனை எடுத்துவந்து காட்டினாள். அதே பல்கலைக்கழகம். தாவரவியலில் அவளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. சான்றிதழ்களோடு நேரில் வந்து, அப்பாவோ அம்மாவோ கையெழுத்துப் போட்டால் சேர்ந்துவிடலாம். மறுநாள் பதினொரு மணிக்குள் வரவேண்டும். வராவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

"அப்பறம் இங்க நின்னு தண்ணி ஊத்திக்கினு கீற?" என்றார் அக்கா.

அவள் தன் அப்பாவைப் பார்த்தாள். அவர் மூட்டையைத் தைத்துக்கொண்டே நிமிராமல் சொன்னார்: "அவ்ளோ பெரிய எடத்துல தொலைஞ்சி போயிடுவா."

"கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுல நீ தொலைஞ்சப்ப நான்தானப்பா உன்ன கண்டுபுடிச்சேன்."

"அதத்தான் சொல்றன். எனக்கே அப்டின்னா உனக்கு?" அவர் ஊசியை மூட்டையில் குத்தி வைத்தார். "செடிகொடிய பத்தி படிக்கப் போறாளாம். இங்க இல்லாத செடியா? வூட்ட சுத்தி அதான கீது."

"அண்ணே," என்றார் அக்கா, "இங்க ஒரு பொண்ணு செடிய பாத்துக்கினு நின்னா மாடு மேய்க்கறான்னு சொல்லுவாங்க. அதே செடிய அங்க பாத்தா ஆராய்ச்சின்னு சொல்லுவாங்க. செடி ஒண்ணுதான். நிக்கற எடம்தான் வேற."

அவர் ஊசியை மறுபடி எடுத்தார். "நீ வேணா பாத்து வந்துருப்ப. நான் பாக்காத எடத்துக்கு அனுப்ப மாட்டேன்" என்றார்.

அக்கா கையை ஊன்றி எழுந்தார். லிப்டு ரிப்பேர் என்றுகூடச் சொல்லவில்லை. "பாக்கணும், அவ்ளோதான? இரு."

எனக்குத் தெரிந்து அந்தப் பல்கலைக்கழகம் முழுசாகக் கட்டப்பட்டது அந்தக் களத்தில்தான். இரண்டு கிழங்கை நட்டு வாசல் என்றார். மரவள்ளித் தோலை நீளமாகப் பரப்பிச் சாலை போட்டார். சோற்று டப்பா மூடிகள் துறைகள். நிர்வாகக் கட்டடத்துக்கு என் கைலி மூட்டை. ஒரு பழைய தினசரியை விரித்து, அதுதான் நூலகம், உள்ளே சத்தம் போடக்கூடாது என்றார். பெண்கள் விடுதிக்குத் தன்னுடைய இடது செருப்பு, ஆண்கள் விடுதிக்கு வலது செருப்பு.

"வாண்ணே. கேட்லேர்ந்து நட."

அவர் வேண்டாவெறுப்பாகக் கிழங்குகளுக்கு நடுவில் வந்து நின்றார். தோல் மேல் நடந்தார். அக்கா பக்கத்திலேயே நொண்டிக்கொண்டு சொல்லிக்கொண்டு போனார். இங்கே உதவித்தொகைக்கு எழுதிக்கொடுக்கிற ஜன்னல், பதினோரு மணிக்கு மேல் போனால்தான் ஆள் இருக்கும். இங்கே ஆஸ்பத்திரி. இது மெஸ், வியாழக்கிழமை சாம்பார் நன்றாக இருக்காது. இங்கே ஒரு நாய் படுத்திருக்கும், அது ஒன்றும் செய்யாது, அதற்கும் ஒரு வாத்தியார் பிஸ்கெட் போடுகிறார். அவர் இயற்பியலைத் தாண்டியதும் நின்றார்.

"அதாரு ஆஸ்டலு?"

"அது பசங்களுது."

"பொண்ணுங்களுது?"

"இந்தா, இது."

அவர் இரண்டு செருப்பையும் மாறி மாறிப் பார்த்தார். "கிட்ட கீதே."

அக்கா வலது செருப்பை ஒரு முழம் தள்ளி வைத்தார்.

"இன்னும் தள்ளு."

தள்ளினார்.

"இன்னும்."

செருப்பு களத்தின் ஓரம் போய், வேலியைத் தாண்டி, தார்ச் சாலை விளிம்புக்குப் போனது. அவர் இன்னும் கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"அதுக்கு மேல தள்ளுனா அது வேற யூனிவர்சிட்டிண்ணே" என்றார் அக்கா.

அதற்குள் ஓர் ஆடு உள்ளே புகுந்து நூலகத்தில் பாதியைத் தின்றுவிட்டது. இன்னொன்று மெஸ்ஸைக் கவிழ்த்தது. பெண்கள் ஆளுக்கொரு பக்கம் ஓட, ஆடுகள் நிர்வாகக் கட்டடத்தின் மேல் ஏறி நின்றன. அந்தக் கலவரத்தில் அந்தப் பெண்ணின் அப்பா எந்தத் துறையில் இருக்கிறோம் என்று தெரியாமல் தோல் சாலையில் சுற்றிச் சுற்றி வந்தார். அவர் மகள் வாசலில் நின்று, "அப்பா, எடது பக்கம் திரும்பு, தமிழ் டிப்பாட்மெண்ட் வரும், நேரா வந்துடு" என்று கத்தி அவரைக் கொண்டுவந்து சேர்த்தாள். ஒரே தடவை கேட்டதில் அவளுக்கு முழு வரைபடமும் மனப்பாடமாகியிருந்தது.

அவர் திண்டாடி வந்து நின்று மூச்சு வாங்கினார். பிறகு சொன்னார்: "நம்ம ஆளு யாராச்சும் ஒருத்தரு அங்க இருந்தா, ஒரு எட்டு போயி பாத்துட்டு வரலாம். பாத்துட்டுத்தான் கையெழுத்து. முன்னாடியே சொல்லிட்டேன்."

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா தன் முட்டியைப் பார்த்தார். நாலு மாடி ஏறி இறங்க அது இனி ஆகாது என்று எல்லோருக்கும் தெரியும். அவர் முகத்தில் அப்படி ஒரு வாட்டத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அடுத்த நொடி என் பக்கம் திரும்பினார்.

"இவன் போவான்."

"நானா?"

"அங்க எப்பவும் ஆளு கம்மிதான். சூப்பர்வைசருக்கு இப்பவே போன் போடறன்."

போட்டார். அவருடைய பழைய மேற்பார்வையாளர் அந்தப் பக்கம் கேட்டது ஒரே கேள்வி: குனிவானா? குனிவான் என்றார் அக்கா. வேலை முடிவாகிவிட்டது.

போகாமல் இருக்க எனக்கு ஒரு காரணமும் தோன்றவில்லை. வேலையை விட்டுக் கிளம்புவது எனக்குப் பழக்கம். ஒரு வேலைக்கென்று யாராவது அனுப்பி வைப்பது புதிது.

மதியப் பேருந்துக்கு நானும் அந்தப் பெண்ணும் அவள் அப்பாவும் கிளம்பினோம். அக்கா சாலை வரை வந்தார். வலது செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டு, "உனக்கு டிப்பாட்மெண்ட்டு கெடச்சிடுச்சு" என்றார்.

"எதுங்கக்கா?"

"எல்லாந்தான். மத்தவங்களுக்கு ஒண்ணு ஒண்ணுதான் குடுப்பாங்க. கூட்டறவனுக்கு அத்தினியும் தொறந்து வுடுவாங்க." பேருந்து நகரும்போது ஜன்னல் பக்கம் வந்து, "கூட்டறதுக்கு முன்னாடி கேளு" என்றார். அவரை நான் கடைசியாகப் பார்த்தது அங்கேதான். ஒரு செருப்போடு நின்றுகொண்டிருந்தார். இடது செருப்பு இன்னும் களத்தில் பெண்கள் விடுதியாக இருந்தது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு வேலையில் சேர்ந்தேன். மேற்பார்வையாளர் துடைப்பத்தைக் கொடுத்து, "தாவரவியல்ல யாரும் நிக்க மாட்டேங்கறாங்க, எல விழுந்துக்கிட்டே இருக்கும். நீ போ" என்றார். போனேன். அக்கா சொன்ன மரம் அக்கா சொன்ன இடத்தில் இருந்தது. நாயும் இருந்தது. அந்தப் பெண்ணும் அப்பாவும் எனக்குப் பின்னாலேயே வந்தார்கள். அவர் திருப்பங்களை விரல் விட்டு எண்ணிக்கொண்டு வந்தார். அவள் எண்ணாமலே வந்தாள். இந்தக் கட்டடத்தைப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

வராந்தாவைப் பாதி கூட்டியிருப்பேன். ஓரத்தில் நியூஸ் பேப்பர் மேல் ஒரு குவியல் இலை, காய்ந்து சுருண்டு கிடந்தது. காற்றில் விழுந்ததா, யாராவது வைத்ததா, பார்த்தால் தெரியவில்லை. நான் துடைப்பத்தை நிறுத்தினேன். அறைக் கதவைத் திறந்துகொண்டிருந்த கண்ணாடி போட்ட அம்மாவைப் பார்த்துக் கேட்டேன்.

"இது குப்பையா, ஆராய்ச்சியா?"

அந்த அம்மா சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டுத் திரும்பினார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "வடக்கனந்தல் அக்கா அனுப்புன ஆளா?" என்றார். "முட்டி எப்படி இருக்கு அவங்களுக்கு?"

"லிப்டு ரிப்பேர்தாங்க."

அவர் சிரிப்பதற்குள் எனக்குப் பின்னாலிருந்து அந்தப் பெண்ணின் அப்பா குனிந்து ஓர் இலையை எடுத்தார். முகர்ந்தார். நொறுக்கிப் பார்த்தார். "குப்பதாம்மா இது. வாருடா தம்பி. எங்க மலையில இத்த மாடு கூட தின்னாது."

"மாடு ஏன் திங்க மாட்டேங்குதுன்னுதான் நாலு வருஷமா பாத்துக்கிட்டு இருக்கோம்" என்றார் அந்த அம்மா.

"நாலு வருசமா?"

"இன்னும் ஒரு வருஷம் டைம் இருக்கு."

அவர் கையிலிருந்த இலையைப் பார்த்தார். வராந்தாவைப் பார்த்தார். கூரை விசிறியைப் பார்த்தார். இலையை எடுத்த இடத்திலேயே, எடுத்த பக்கமே மேலே தெரியும்படி திரும்ப வைத்தார்.

"எங்க கொட்டாய் பின்னாடி இது ஏகத்துக்கு கீதும்மா. ஒரு மூட்ட அனுப்புனா போதுமா?"

"எந்த ஊர்ல?" என்று அந்த அம்மா பையில் நோட்டைத் தேடினார்.

அவர் தன் மகள் பக்கம் திரும்பி, "பேனா வெச்சிருக்கியா? கையெழுத்து எங்க போடணும்?" என்றார்.

நான் அந்தக் குவியலைச் சுற்றிக் கூட்டினேன்.